ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே

ஜெனிதாவுக்குப் பொறுமை என்ற சாமானே கிடையாது. பட்டினப்பாக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வார்கள். குழாயடி, ரேஷன் கடை, ஷேர் ஆட்டோ என்று போகிற இடத்தில் எல்லாம் ஒரு வாய்ச்சண்டையை இழுத்துக்கொண்டுதான் வீடு திரும்புவாள். "இவ வாய்க்கு யாருனா ஒரு பூட்டு வாங்கியாந்து போடுங்கடி" என்று அவள் அம்மா அந்தோணியம்மாளே மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து அலுத்துக்கொள்வாள். ஆனால் அதே ஜெனிதாவின் கையில் ஒரு ஒயரைக் கொடுத்துப் பாருங்கள். அப்படியே வேறு மனுஷி. ஒரு முனையைத் தோல் சீவி, முறுக்கி, திருகாணிக்குள் வைத்து இறுக்குகிற வரைக்கும் மூச்சுச் சத்தம்கூட வராது.

மீன் விற்க உட்கார மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று ஐடிஐயில் சேர்ந்தவள். முடித்த கையோடு ஈக்காட்டுத்தாங்கலில் நூர் முஹம்மது பாயின் பட்டறையில் வேலை. பட்டறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மேஜை, ஒரு ஃபேன், வாசலில் டீக்கடை. ஆனால் ஊரில் எந்தப் பாலமாவது கட்டடமாவது லேசாக அசைகிறதோ என்று சந்தேகம் வந்தால் பாயைத்தான் தேடி வருவார்கள். சுவரில் ஒரு சென்ஸாரை முடுக்கி, அதிலிருந்து ஒயர் இழுத்து, ஒரு பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சுவர் சாய்ந்தால் பெட்டி சொல்லும். பாய் தன் பெட்டி ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஸ்பீக்கரும் வைத்திருப்பார். லைன் சுத்தமாக இருந்தால் அதில் சத்தமே வராது. கெட்டிருந்தால் 'ம்ம்ம்' என்று முனகும். ஸ்கிரீனைப் பார்ப்பதற்கு முன்னால் காதை வைத்துக் கேட்பது அந்தப் பட்டறையின் வழக்கம். ஜெனிதாவுக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. தெரிந்தவர் வீட்டுக்குப் போனால் வணக்கம் சொல்வதற்குள், "இன்னாக்கா, உங்க ஃபிரிட்ஜ் அழுவுது?" என்பாள்.

போன ஐப்பசியில் அந்த ராஜா அண்ணாமலைபுரம் வீட்டு வேலை வந்தது. இன்று வரைக்கும் அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஜெனிதாவின் குரல் இறங்கிவிடும்.

மேலும் கீழுமாக இரண்டே குடித்தனம் இருக்கிற பழைய வீடு. மேல் வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில், பூட்டிக் கிடந்தது. கீழே காமாக்ஷி மாமி, தனி ஆள், பாட்டு டீச்சர். கிழக்கே பக்கத்து மனையில் பங்களாவை இடித்துவிட்டு, கார் நிறுத்துவதற்காக பூமிக்குள் இரண்டு தளத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டத் தோண்ட ஊற்று. தண்ணீரை இறைக்க ஒரு பெரிய மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. மாமியின் கிழக்குச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் விட்டிருந்தது. மாமியின் தங்கை மகன் கிரீஷ் திருவான்மியூரில் இருப்பவன். அவன்தான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, சுவரில் கருவி வைத்துப் பார்ப்பது, சாய்ந்தால் தோண்டுவதை நிறுத்துவது என்று கட்டுகிறவர்களை ஒத்துக்கொள்ள வைத்திருந்தான்.

சுவர் சாய்கிறதென்றால் மாமி அன்றைக்கே வெளியேற வேண்டும். இல்லையென்றால் இருக்கலாம். ஒரு மனுஷியின் உயிர் விஷயம். பெட்டி சொல்ல வேண்டியதெல்லாம் ஆமாம், இல்லை, அவ்வளவுதான். அதைத்தான் அது சொல்ல மாட்டேன் என்றது. வந்த பதிவு முழுக்க ஒரே இரைச்சல். "இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அதனால நாங்க தோண்டறோம்" என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் ஜாலியாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியை முதலில் மாட்டியது ஜெனிதா இல்லை, வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு புண்ணியவான். திறந்து பார்த்ததுமே ஜெனிதாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். சென்ஸாரிலிருந்து பெட்டிக்கு இரண்டு ஒயர் வரும். சோம்பேறி வழி ஒன்று உண்டு: ஒரு ஒயரைப் பெட்டியின் எர்த்தோடு கோத்துவிட்டு மற்றதை மட்டும் பார்ப்பது. ஒரு பெட்டியில் இரண்டு மடங்கு சென்ஸார் மாட்டலாம், செலவு மிச்சம். ஆனால் அந்த சென்ஸார் ஈரச் சுவரில் இரும்பு போல்ட் போட்டு முடுக்கியது. அது ஏற்கெனவே அங்கே ஒரு எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சுவரடி மண்ணும் மீட்டர் பெட்டிக்குக் கீழே இருக்கிற மண்ணும் ஒன்றுதானே என்று நாம் நினைக்கிறோம். இல்லை. பக்கத்து மோட்டார் ஓடும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு துளி கரண்ட் வித்தியாசம் வந்துவிடுகிறது. அந்தத் துளி ஒயர் வழியாகச் சுவருக்கும் பெட்டிக்கும் சுற்றிச் சுற்றி வருகிறது. சுவர் சொல்கிற சின்னப் பேச்சு அதில் முங்கிப் போகிறது. கிரவுண்ட் லூப் என்பார்கள். பாய் பட்டறையில் அதற்குப் பேய் பிடிச்ச லைன் என்று பெயர்.

வைத்தியம் பெரிதில்லை. எர்த்தோடு கோத்திருக்கிற அந்தச் சின்னப் பச்சை ஒயரைப் பிடுங்கிவிட்டு, இரண்டு ஒயரையும் பெட்டியின் இரண்டு காதிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். டிஃபரன்ஷியல் என்று பெயர். பெட்டி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் ஒன்றுபோல வருவதைத் தூக்கிப் போட்டுவிடும். சென்ஸார் ஒன்றுக்கு இப்போது இரண்டு காது வேண்டும் என்பதால் ஜெனிதா கூடுதலாக ஒரு பெட்டி கொண்டுவந்து, எல்லாவற்றையும் பிரித்து மாற்றிக் கட்டினாள். பச்சை ஒயரைப் பிடுங்கியதும் ஸ்பீக்கர் வாயை மூடியது.

"ஏன் நின்னுடுத்து?" என்றாள் மாமி. ஏதோ சமையலறையிலிருந்து கேட்ட மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் ஜெனிதா திரும்பிப் பார்த்தபோது மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது நிக்கத்தான் மாமி நான் வந்தேன். சரியாயிடுச்சு."

மாமி உள்ளே போய் காபி கொண்டுவந்தாள். தட்டில் மூன்று டம்ளர். ஜெனிதாவுக்கு ஒன்று, மாமிக்கு ஒன்று. மூன்றாவதை மாமி தன் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். ஜெனிதா வாசலைப் பார்த்தாள், யாரும் வரவில்லை. அந்த டம்ளர் ஆறி ஏடு கட்டியது. மாமி அதை ஒரு தரம் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம்தான் கூத்து. மறுநாள் பட்டறையில் பதிவைத் திறந்தால் மறுபடியும் இரைச்சல். ஓடினாள். பெட்டியைத் திறந்தால் பச்சை ஒயர் பழைய இடத்திலேயே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. தான்தான் பிடுங்க மறந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் தன்னையே சந்தேகப்பட்டாள். பிடுங்கிவிட்டு வந்தாள். திரும்பவும் இரைச்சல். திரும்பவும் போனாள். திரும்பவும் ஒயர்.

"மாமி, யார்னா வந்தாங்களா இங்க?"

"இங்க யார் வருவா? நானும் அவளும்தான்" என்றாள் மாமி. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "நான்தான்" என்று திருத்தினாள்.

கூடத்துச் சுவரில் ஒரு பெரிய போட்டோ. மேடையில் இரண்டு பெண்கள், ஒரே கலரில் புடவை, ஒரே மாதிரி திறந்த வாய். ஒன்று மாமி. இன்னொன்று அவள் தங்கை கோமளா. சேர்ந்தே பாடுகிற சகோதரிகள். காமாக்ஷி கோமளா என்று ஒரே மூச்சில் சொன்னால்தான் சபாக்காரர்களுக்கு அடையாளம் தெரியும். கோமளா போய் ஒரு வருஷமாகிறது. அதற்குப் பிறகு மாமி கச்சேரிக்கு ஒத்துக்கொள்வதில்லை, பாட்டுச் சொல்லிக்கொடுப்பதையும் நிறுத்திவிட்டாள். இதெல்லாம் கிரீஷ் சொல்லித்தான் ஜெனிதாவுக்குத் தெரியும். "எங்கம்மா இறந்ததுல எனக்கு அம்மா போனா. பெரியம்மாவுக்கு பாதி உடம்பு போயிடுத்து" என்றான் அவன்.

அன்று இரவு சாப்பாட்டில் கைவைத்தபடி ஜெனிதா இதைச் சொன்னதும் அந்தோணியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். "அந்த வூட்ல இன்னொரு ஆள் கீதுடி. செத்தவங்க கூப்ட்டா பதில் குரல் குடுக்கக் கூடாது. குடுத்தா கையோட கூட்டினு போய்டும்."

"சும்மா கெட மா. அது கரண்டு" என்றாள் ஜெனிதா. சொன்னாளே தவிர, தட்டை அப்படியே தள்ளி வைத்தாள்.

அடுத்த முறை போன் செய்யாமல் போனாள். விளக்கு வைக்கிற நேரம், தூறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குழியில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. கேட்டைத் திறக்கும்போதே உள்ளேயிருந்து பாட்டுக் கேட்டது. பாட்டுக்கூட இல்லை, ஒரே ஒரு ஸ்வரம், நீளமாக. கதவு சாத்தாமல் இருந்தது. எட்டிப் பார்த்தாள்.

மாமி கிழக்குச் சுவரோரமாக, விரிசலுக்கு நேர் கீழே, ஒரு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் உட்காருகிற ஜமக்காளம், பாதியை விட்டுவிட்டு ஓரமாக. எதிரே பெட்டி திறந்து கிடந்தது. ஸ்பீக்கரின் திருகு முழுக்கத் திருப்பியிருந்தது. 'ம்ம்ம்' என்று அது முனக, மாமி கண்ணை மூடிக்கொண்டு அதோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள்.

ஜெனிதாவுக்கு வந்ததே கோபம்! பயமும் சேர்ந்துகொண்டதில் பட்டினப்பாக்கம் பாஷை அப்படியே வெளியே வந்துவிட்டது. "இன்னா மாமி பண்ணிக்கினு கீறீங்க? இந்த ஒயர சொருவறது நீங்கதானா? அந்தச் செவுரு உங்க தலைக்கு மேல கீது, தெரியுதா? அது நவுருதா இல்லையான்னு பாக்க நாங்க நாய் மாதிரி அலையறோம், நீங்க பாட்டுப் பாடினு கீறீங்க!"

மாமி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். மறைக்கவில்லை, மழுப்பவில்லை. "நீ பிடுங்கறச்சே பார்த்தேன். பிடுங்கினா போயிடறது, சொருகினா வந்துடறது. அதான் சொருகினேன்" என்றாள்.

"எது வருது?"

"கோமளா."

ஜெனிதா ஒரு எட்டு வாசல் பக்கம் பின்வாங்கினாள்.

"பயப்படாதே, எனக்குப் பைத்தியம் பிடிக்கல. உக்காரு" என்றாள் மாமி. "நாங்க ஸ்ருதி வைக்கறது அஞ்சு கட்டை. அதுலயும் நேர் அஞ்சு இல்லை, ஒரு நூல் மேல. ஊர்ல வேற யாரும் அங்க வைக்க மாட்டா. தம்புரா போடற பொண்ணுகூட முணுமுணுப்பா. நான்தான் அங்கயே வைன்னு சொல்லுவேன். நீங்க இந்தப் பெட்டியை மாட்டின அன்னிக்கு, முதல்ல அதுல வந்த சத்தம் எதுல வந்தது தெரியுமோ? அஞ்சுக்கு ஒரு நூல் மேல. அதே இடம். இந்த ஊர்ல எத்தனை ஸ்ருதி இருக்கு, அது ஏன் எங்க இடத்துல வந்து உக்காரணும்?"

கரண்டின் துடிப்பு எந்த வீட்டிலும் ஒரே கணக்குத்தான், சின்ன ஸ்பீக்கரில் அது அந்த உயரத்தில்தான் கேட்கும், நாளைக்கு மயிலாப்பூரில் எந்த வீட்டில் லைன் கெட்டாலும் இதே ஸ்ருதிதான் என்று ஜெனிதாவுக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. எல்லாரிடமும் வெடுக்கென்று பேசுகிற அந்த வாய் அன்றைக்கென்று பார்த்து ஒட்டிக்கொண்டது.

"போன்ல ஸ்ருதி ஆப் கீதே மாமி. இதே எடத்துல வெச்சுக்கலாமே" என்றாள் கடைசியில்.

"கிரீஷ் போட்டுக் குடுத்தான். மட்டமான ஆப். பாடப் பாட இறங்கறது. இறங்கினா இறங்கினதுதான், ஏறி வராது. இவ அப்படி இல்லை." மாமி பெட்டியைக் காட்டினாள். "கோமளாவும் இறங்குவா. மேடையில நன்னாப் பாடிண்டே இருக்கறச்சே ஒரு நூல் இறங்கிடுவா. சபையில யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். தாளம் போடற சாக்குல அவ தொடையில ஒரு கிள்ளு கிள்ளுவேன். உடனே ஏறி வந்து என்னோட சேர்ந்துப்பா. அப்புறம் ரெண்டு குரல் இருக்கறதே தெரியாது. இங்கயும் அதான் நடக்கறது. நீயே கேளு."

"வேணா மாமி" என்றாள் ஜெனிதா. அம்மா சொன்னது காதுக்குள் ஓடியது.

மாமி மூச்சை இழுத்து ஸ்வரத்தைப் பிடித்தாள். ஸ்பீக்கர் முனகியது. முதலில் இரண்டும் ஒட்டவில்லை. ஒட்டாத இரண்டு சத்தம் சேர்ந்தால் நடுவே ஒரு அதிர்வு வரும், 'வ்வா, வ்வா' என்று. ஜெனிதாவின் காதுக்கு அது பழக்கம். மாமி தன் பக்கத்தில் காலியாக இருந்த ஜமக்காளத்தை விரலால் ஒரு கிள்ளு கிள்ளினாள். அதிர்வு மெதுவானது. இன்னும் மெதுவானது. பிறகு இல்லவே இல்லை. ஒரே ஒரு குரல்தான் அந்தக் கூடத்தில் இருந்தது, அது மாமியுடையதா பெட்டியுடையதா என்று ஜெனிதாவால் சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. ஏறி வந்துவிட்டாள். அந்த நிமிஷம் ஜெனிதா அதை அப்படியே நம்பினாள்.

மாமி பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். ஒரு வருஷமாக யாரும் பார்க்காத சிரிப்பாக இருக்க வேண்டும். "நீ இதை எப்படித்தான் போக்கடிக்கறே? சொல்லேன், தெரிஞ்சுக்கறேன்."

ஜெனிதா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இரண்டு ஒயர், இரண்டு காது, இரண்டிலும் ஒன்றாக வருவதைப் பெட்டி கணக்கில் சேர்க்காது, வித்தியாசம் மட்டும்தான் அதற்குத் தெரியும்.

"ஒண்ணா வரதைத் தூக்கிப் போட்டுடுமா?"

"ஆமா மாமி."

மாமி போட்டோவைப் பார்த்தாள். "எங்க கச்சேரிக்கு அது வந்திருந்தா, அதுக்கு ஒண்ணுமே கேட்டிருக்காது."

மழை வலுத்தது. விரிசலிலிருந்து ஒரு சொட்டு சுண்ணாம்புத் தண்ணீர் இறங்கி, ஜமக்காளத்தின் காலிப் பாதியில் விழுந்தது. ஜெனிதா அண்ணாந்து பார்த்தாள். போன வாரம் அந்த விரிசலுக்குள் விரல் நகம்தான் போனது. இப்போது விரலே போகும் போலிருந்தது. இல்லை, பயத்தில் அப்படித் தெரிகிறதா? பெட்டி சொல்ல வேண்டியது. பெட்டிதான் பாடிக்கொண்டிருக்கிறதே!

"மாமி, எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க."

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றாள் மாமி. கண்ணை மூடி மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

ஜெனிதா குனிந்தாள். விரல் பச்சை ஒயரைத் தொட்டும் இழுக்கவில்லை. அவள் வாழ்க்கையில் எத்தனையோ ஒயரைப் பிடுங்கியிருக்கிறாள், ஒரு நாளும் இப்படித் தயங்கியதில்லை. ஒரு உயிரைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது அவளுக்கு. "மாதாவே, மன்னிச்சிரு" என்று முனகிக்கொண்டு பச்சை ஒயரை இழுத்தாள். இழுத்ததோடு விடவில்லை, கட்டிங் பிளேயரால் அதைத் துண்டு துண்டாக நறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஸ்பீக்கர் அடங்கியது. மாமியின் குரல் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போயிற்று. பிறகு நடுவழியில் நின்றது. அழுதிருந்தால் தேவலை, திட்டியிருந்தால் இன்னும் தேவலை. மாமி இரண்டும் செய்யவில்லை. ஜமக்காளத்தின் காலிப் பாதியைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கிரீனில் முதல் தடவையாக ஒரு சுத்தமான கோடு வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாலே போதும். கோடு சாய்ந்துகொண்டிருந்தது. விடாமல், ஒரே பக்கமாக, குழியைப் பார்த்து.

ஜெனிதா பாய்க்குப் போன் போட்டாள், கிரீஷுக்குப் போட்டாள், பக்கத்து மனைக்கு ஓடி, வேலையை நிறுத்தும் வரைக்கும் அங்கே கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. திரும்பி வந்து மாமியை எப்படிக் கிளப்புவது என்று தெரியாமல் நின்றாள். கிளப்பவே வேண்டியிருக்கவில்லை. மாமி ஒரு கைப்பையோடு தானே வாசலுக்கு வந்தாள். "இனிமே இங்க எனக்கு என்ன வேலை?" என்று மட்டும் சொன்னாள். கிரீஷின் காரில் ஏறும்போது ஜெனிதாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வார மழையில் கிழக்குச் சுவர் குழிக்குள் சரிந்தது. கூடத்தில் பாதியும் அதோடு போயிற்று. ஜமக்காளம் கிடந்த இடத்தில் மேல் வீட்டின் தரை வந்து உட்கார்ந்திருந்தது. ஆள் சேதம் இல்லை. நூர் முஹம்மது பாய் பட்டறையில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். "ஒரு உசிரைக் காப்பாத்திட்டியேம்மா" என்று ஜெனிதாவைத் தட்டிக்கொடுத்தார். ஜெனிதா தன் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

ஏனென்றால் அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்காக அவள் அந்தப் பெட்டியை அதற்கு முந்தின தடவையே விடாமல் பதிவு செய்கிற மாதிரி வைத்துவிட்டு வந்திருந்தாள். மாமி பாடிய அந்த நேரமும் அதில் இருந்தது. மாமியின் குரல் இல்லை, பெட்டிக்குக் குரல் கேட்காது. அந்த முனகல் மட்டும். சும்மா இருக்க முடியாமல் ஜெனிதா அதைத் திறந்து பார்த்தாள். ஏறி வந்துவிட்டாள் என்று தானும் நம்பிய அந்த நிமிஷத்தில் முனகல் ஒரு மயிரிழைகூட ஏறவில்லை, இறங்கவில்லை. இருந்த இடத்திலேயே அப்படியே இருந்தது. இரண்டில் ஒன்று நகராமல் அந்த 'வ்வா, வ்வா' நின்றிருக்க முடியாது. அது நகரவில்லையென்றால் நகர்ந்தது யார்? இதை ஜெனிதா யாரிடமும் சொல்லவில்லை.

தை பிறந்து மாமியிடமிருந்து போன் வந்தது. "ஒரு நடை வந்துட்டுப் போறியா?"

திருவான்மியூரில் கிரீஷின் ஃப்ளாட், மூன்றாவது மாடி. கிரீஷ் ஆபீஸ் போயிருந்தான். மாமி இளைத்திருந்தாள். காபி கொண்டுவந்தாள், இரண்டே டம்ளர். அதைப் பார்த்து ஜெனிதாவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

"கிரீஷ் தொந்தரவு தாங்காம மறுபடி ஆப்பைப் போட்டுண்டு பாட உக்காந்தேன்" என்றாள் மாமி. "இறங்கறதுடா உன் ஆப்புன்னேன். அவன் சிரிக்கறான். பெரியம்மா, மெஷின் எப்படி இறங்கும், நீதான் ஏறறேங்கறான். விளையாட்டாத்தான் சொன்னான். எனக்கு அன்னிலேர்ந்து தூக்கம் இல்லை."

ஜெனிதா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நான் பாடினேனே, முதல்ல ஒட்டாம இருந்து அப்புறம் சேர்ந்துதே. உன் பெட்டியில அது இருக்குமோல்லியோ? அந்தச் சத்தம் ஏறி வந்துதா, இல்லை நான் இறங்கினேனா? எனக்கு அதைச் சொல்லு."

பொய் சொல்லலாம். ஏறி வந்தது மாமி, உங்க தங்கச்சிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எத்தனையோ பேரிடம் வாயாடியவளுக்கு ஒரு பொய்யா வராது? ஆனால் மாமி கேட்டுக்கொண்டிருந்த மாதிரி யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் பொய் வராது.

"அது நவுரவே இல்ல மாமி. நீங்கதான் மேலருந்து எறங்கி வந்தீங்க."

மாமி தலையை ஆட்டினாள். முன்பே தெரிந்ததைக் கேட்டுக்கொண்டவள் மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ அவ இறங்கவே இல்லை. நான்தான் ஏறிண்டு போயிருக்கேன். கச்சேரிக்குக் கச்சேரி. அவ தம்புராவோட சரியா நின்னுண்டிருந்திருக்கா, நான் கிள்ளக் கிள்ள, நான் தனியாத் தெரியக்கூடாதேன்னு ஸ்ருதியை விட்டுட்டு என்னோட வந்திருக்கா. நான் இல்லக்கா, நீதான்னு ஒரு நாள் சொல்லப்படாதோ? ஒரு நாள்!"

ஜெனிதா எழுந்து மாமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இறுகியிருந்தன.

"கடைசியா ஆஸ்பத்திரியில கோமளாவுக்கு உடம்பு துடைச்சுவிட வந்த நர்ஸ் பொண்ணு கேட்டா" என்றாள் மாமி. "தொடையில என்ன மாமி இப்படிக் கன்னிப்போயிருக்குன்னு. கட்டில்ல இடிச்சுண்டேன்னா கோமளா. நான் பக்கத்துலதான் உக்காண்டிருந்தேன். பார்த்து நடக்கப்படாதோடின்னு அவளைக் கோச்சுண்டேன்."